எடைக்குறைப்பு அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்து: திரும்ப ஏறும் மூன்று கிலோவை என்ன செய்வது?

அறுவை முடிந்த முதல் ஒன்றரை ஆண்டு எடை தானாகவே இறங்கும். பசி மங்கியிருக்கும், வயிற்றில் இடம் இருக்காது, டயட்டீஷியனும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருப்பார். 12 முதல் 24 மாதத்துக்குள் எடை தன் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். சிக்கல் அதன்பிறகுதான். நான்காம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ ஒருநாள் தராசில் மூன்று கிலோ கூடுதலாக நிற்கும். அதைப் பார்த்ததும் பலரும் செய்வது இரண்டில் ஒன்று: தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், அல்லது ஐந்து நாள் வெறும் சூப் குடிப்பார்கள். இரண்டாலும் பயன் இல்லை.

முதலில் எது இயல்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், வயிற்று பைபாஸ் (வயிற்றின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது, கொஞ்சம் திரும்ப ஏறுவது பொதுவான போக்கு. உடம்பு சிறியதானால் அது செலவழிக்கும் கலோரியும் குறையும்; முதல் ஆண்டில் அடங்கியிருந்த பசியும் மெல்லத் தலைகாட்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் மூன்று கிலோவில் பிடித்தால் இரண்டு மாத வேலை. பதினைந்து கிலோவில் பிடித்தால் மருந்து, வயிற்றுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப், மறு அறுவை என்று பேச்சு வேறு திசையில் போகும்.

தராசோடு எப்படிப் பழகுவது

வாரம் ஒரு நாள் போதும். காலையில் கழிவறை போய்வந்த பின், ஒன்றும் சாப்பிடாமல், ஒரே தராசில், கம்பளத்தின் மேல் அல்ல, தரையில் வைத்து. தினமும் பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். திங்கட்கிழமை காலை எண்ணை நம்ப வேண்டாம். ஞாயிறு மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு, ஊறுகாய், பிரியாணி என்று உப்பும் மாவும் ஏறியிருந்தால் மறுநாள் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ கூடக் காட்டும். அது தண்ணீர். உடம்பு ஒரு கிராம் மாவுச்சத்தைச் சேமிக்கும்போது சுமார் மூன்று கிராம் நீரையும் சேர்த்தே பிடித்து வைக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏழாயிரம் கலோரிக்கு மேல் மிச்சப்பட வேண்டும். ஒரு பந்தியில் உங்கள் வயிற்றால் அது முடியாது.

இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். ஒன்று, நீங்கள் தொட்ட மிகக் குறைந்த எடை என்றில்லாமல், அதன்பின் ஆறு மாதம் நிலையாக நின்ற எடை. மற்றது அதோடு மூன்று கிலோ கூட்டியது. அந்த இரண்டாவது எண்ணை மூன்று வாரம் தொடர்ந்து தாண்டினால் கீழே சொல்லும் இரண்டு வார வேலையைத் தொடங்குங்கள்.

பெரிய கணக்குக்கு, இழந்ததில் எவ்வளவு திரும்பியது என்று பாருங்கள். 130 கிலோவிலிருந்து 85க்கு வந்தவர் இழந்தது 45. இப்போது 90 என்றால் திரும்பியது 5, அதாவது இழந்ததில் 11 சதவீதம். வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய அளவு. இது 20 சதவீதத்தை நெருங்கினால் அறுவை செய்த குழுவைப் பார்த்தே ஆக வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்; எடை அசையாமல் இடுப்பு மட்டும் கூடினால் தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம்.

தட்டு சிறியதுதான், தடவைகள்தான் கூடிவிட்டன

"வயிறு விரிந்துவிட்டது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். பெரும்பாலும் அது இல்லை. ஸ்லீவும் (பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்கிய வயிறு) பைபாஸ் பையும் ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் இளகும், உண்மை. ஆனால் நான்காம் ஆண்டில் எடை ஏறுகிறவரின் மதியத் தட்டைப் பார்த்தால் அது இன்னமும் சின்னத் தட்டுதான். கூடியிருப்பது இடையிடையே வாய்க்குள் போகும் தடவைகள்.

இதற்கு இயந்திரக் காரணம் ஒன்று உண்டு. கோழியும் மீனும் பீன்ஸும் அந்தச் சிறிய பையில் தங்கி, மெல்ல இறங்கும். ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்தால் அது கூழாகி வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஐஸ்கிரீம், சிப்ஸ், மேரி பிஸ்கட், சோஜி (ரவை இனிப்பு), முறுக்கு எல்லாம் இதே வகை. இவற்றுக்கு உங்கள் அறுவை எந்தத் தடையும் போடாது. நம் தென்னாப்பிரிக்க ரஸ்க் பெரியது, ஒன்று 130 முதல் 150 கலோரி. முழுப்பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட தேநீர் சுமார் 70. டர்பனில் ஒரு சாதாரண அலுவலக நாளில் நான்கு தேநீர், இரண்டு ரஸ்க் என்று வைத்தால் சுமார் 550 கலோரி. அந்த நாள் முழுக்க நீங்கள் "சாப்பிட்டதாக" நினைப்பது மதிய உணவும் இரவு உணவும் மட்டுமே.

பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பித் தரும் டர்பன் உணவு, பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும் (பெயரில்தான் முயலும் பன்றியும், உள்ளே இரண்டும் இல்லை). இங்கே ஒரு ரொட்டி 700 கிராம். கால் பன்னி என்றால் ரொட்டி மட்டும் 175 கிராம், ஏறக்குறைய 440 கலோரி. குழம்பில் ஊறிய ரொட்டி வழுக்கும் உணவிலேயே மன்னன். அதற்காக வாழ்நாள் முழுக்க அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம். செய்யக்கூடியது: மட்டன் அல்லது பீன்ஸ் கறியை மட்டும் தனியாக வாங்குங்கள், கறித் துண்டுகளை முதலில், குழம்பை வடித்துவிட்டு, 20 நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். பிறகும் இடம் இருந்தால் வெள்ளை ரொட்டியில் இரண்டு விரல் அகலம். பெரும்பாலும் இடம் இருக்காது.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதும் இதே கதைதான். உணவை நீர் கழுவித் தள்ளிவிடுகிறது, நிறைவு அரை மணியில் போய்விடுகிறது. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும் என்ற விதியை மூன்றாம் ஆண்டுக்குமேல் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. எடை ஏறினால் முதலில் திரும்பப் பிடிக்க வேண்டியது இதைத்தான். காசும் செலவில்லை, பட்டினியும் இல்லை. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தேவைப்படும், அதை உணவுக்கு இடையில் பிரித்துக் குடியுங்கள். சர்க்கரை போடாத ரூயிபாஸ் மூலிகைத் தேநீரும் இந்தக் கணக்கில் சேரும். கூல்டிரிங் சேராது, பழச்சாறும் சேராது.

மது வேறு விதமாகக் கெடுக்கும். பைபாஸுக்குப் பின் அது மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. பழைய அளவு இப்போது பழைய அளவு அல்ல. கேன் ஸ்பிரிட்டோடு (கரும்பு மது) கோக் கலந்து, இறைச்சி சுடும் பிராய் நெருப்பைச் சுற்றி நிற்கும் சனிக்கிழமை மாலைகளில் குடியின் கலோரியை விட அதன் பின்னால் வரும் சிப்ஸும் போர்வோர்ஸ் சாசேஜும் அதிகம். அறுவைக்கு இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு குடிப்பழக்கம் சிக்கலாகிறவர்கள் உண்டு என்பது ஆய்வுகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது; உணவிலிருந்து கிடைத்த ஆறுதலை மனம் வேறிடத்தில் தேடுகிறது. வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நடுக்கமா?

பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு, வழக்கமாக ஒரு வருடம் போன பிறகு, இது தொடங்கும். ஸ்லீவிலும் வரலாம், குறைவு. மாவும் சர்க்கரையும் சிறுகுடலுக்குள் ஒரேயடியாக விழ, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்க, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சரிகிறது. வியர்வை, கை நடுக்கம், தலை கிறுகிறுப்பு, கட்டுக்கடங்காத பசி. அந்தப் பசிக்கு இனிப்பு சாப்பிட்டால் மறுபடி அதே வட்டம். "எனக்குப் பதினோரு மணிக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும்" என்று சொல்லிக்கொண்டே எடை ஏறுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான காரணம் இதுதான்.

குளுக்கோமீட்டரில் அந்த நேரத்தில் குத்திப் பாருங்கள். லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே என்றால் கவனம், 3.0க்குக் கீழே போனால் டாக்டருக்கு அன்றே தகவல். உடனடிக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டி சர்க்கரை; 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் ஒரு முட்டையோ சீஸோ. அதற்குமுன் காரை எடுக்க வேண்டாம். நிரந்தர வைத்தியம், கஞ்சியையும் வெள்ளை ரொட்டியையும் தனியாகச் சாப்பிடாமல் புரதத்தோடு சேர்த்து, சிறிய அளவில் சாப்பிடுவது. அதிலும் அடங்காவிட்டால் மருந்துகள் இருக்கின்றன.

இரண்டு வார வேலை

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். வாய்க்குள் போகும் எல்லாவற்றையும், நேரத்தோடு, எழுதுங்கள்: குழந்தையின் தட்டில் மிஞ்சியது, உப்பு பார்க்க எடுத்த ஒரு கரண்டி, அத்தை வீட்டில் "ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆயிடும்" என்று கையில் வைத்த வடை. நான்காம் நாள் அந்தத் தாளில் தடவைகளை எண்ணுங்கள். ஆறுக்கு மேல் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

நான்காம் நாளிலிருந்து மூன்று வேளை உணவு, ஒரு சிற்றுணவு, அவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 கிராம் புரதம், நாளுக்கு 60 முதல் 80 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவை டாக்டரிடம் கேட்டே வைக்க வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி சோறோ அரை ரொட்டியோ. இங்கே எளிதாகக் கிடைக்கும் அளவுகள்: சமைத்த கோழி நெஞ்சுக்கறி 80 கிராமில் சுமார் 24 கிராம், டின் மீன் 100 கிராமில் 17, 18, ஒரு முட்டையில் 6, ஒரு கிளாஸ், அதாவது 250 மில்லி மாஸில் (புளித்த கெட்டிப் பால்) 8, கோழி பில்டோங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) 30 கிராமில் 15 வரை, ஆனால் உப்பு தூக்கல். டின் மீன் கறியைக் குறைந்த எண்ணெயில், தக்காளி வெங்காயம் போட்டு, உருளைக்கிழங்கு சேர்க்காமல் வைத்தால் இந்த ஊரில் இதைவிட மலிவான புரதம் இல்லை. தயிர் வாங்கும்போது "டபுள் கிரீம்" என்று எழுதியதை விட்டு, கொழுப்பு குறைந்த வெறும் தயிரை எடுங்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் வயிற்றைச் சோதித்துப் பாருங்கள். குழம்பு இல்லாமல் சுட்ட கோழியோ மீனோ 100 கிராம், சிறு துண்டுகளாக, நன்கு மென்று, 20 நிமிடத்தில். அதோடு நிறைந்து மூன்று நான்கு மணி நேரம் பசிக்கவில்லை என்றால் உங்கள் அறுவை இன்னும் வேலை செய்கிறது. தவறு உணவு வகையில். 250 கிராம் எளிதாக இறங்கி ஒரு மணியில் பசித்தால் அதைக் குறித்துவைத்துச் சர்ஜனிடம் சொல்லுங்கள். இது பரிசோதனைக்கூட முடிவு அல்ல, ஆனாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

இரண்டு வாரத்தில் அரை முதல் ஒன்றரை கிலோ இறங்கினால் சரியான பாதை. அதே ஒழுங்கை ஆறு முதல் எட்டு வாரம் தொடருங்கள். இணையத்தில் சுற்றும் ஐந்து நாள் "பை மீட்டமைப்பு" சூப் உணவுமுறையை நம்ப வேண்டாம். திரவம் குடித்தால் பை சுருங்காது. இறங்குவது தண்ணீர், ஆறாம் நாள் திரும்பி வரும்.

புரட்டாசி, காவடி, தீபாவளி

தென்னாப்பிரிக்கத் தமிழர் ஆண்டில் எடை ஏறும் காலங்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான். தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாள் விரதம், ஆடியில் மாரியம்மன் கூழ், புரட்டாசி முழுக்க மரக்கறி, அது முடிந்ததும் பெட்டி பெட்டியாகத் தீபாவளிப் பலகாரம். எடையைக் கெடுப்பதில் தீபாவளியை விட மோசம் புரட்டாசி என்பது எங்கள் கணிப்பு. தீபாவளி ஒரு வாரம். புரட்டாசி ஒரு மாதம். கோழியும் மீனும் நின்றதும் அந்த இடத்தை உருளைக்கிழங்கு கறியும் ரொட்டியும் பூரியும் நிரப்பும், புரதம் பாதியாகும், பசி இரட்டிக்கும்.

முட்டையும் இல்லாத விரத நாளுக்கு ஒரு கணக்கு: காலையில் கொழுப்பு குறைந்த தயிர் 200 கிராமில் அரை அளவுக்கரண்டி புரோட்டீன் பவுடர், 20 கிராம்; மதியம் அரைக் கோப்பை சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட உலர் பீன்ஸ்) கறியோடு பனீர் 60 கிராம், 18 கிராம்; மாலை ஒரு கிளாஸ் மாஸ், 8; இரவு உலர்ந்த சோயா மின்ஸ் 30 கிராமைப் பட்டாணியும் மசாலாவும் போட்டு வதக்கியது, 15. கூட்டினால் 61. பருப்பைத் தண்ணீராகக் கரைத்து வைத்தால் புரதம் பெயரளவுக்குத்தான், கெட்டியாக வையுங்கள். கோயில் கூழைப் பிரசாதமாக ஒரு சின்னக் கோப்பை குடியுங்கள், பைபாஸ்காரர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம்.

தீபாவளிக்கு வேலை எளிது. உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடுங்கள், மீதிப் பெட்டியை அன்றே யாருக்காவது கொடுங்கள். அடுப்படி மேடையில் திறந்து வைத்த பர்ஃபித் தட்டை யாராலும் வெல்ல முடியாது, சர்ஜனாலும்.

மாத்திரைகள்

வைட்டமினை நிறுத்தினால் எடை ஏறாது. ஆனால் இரும்பும் பி12ம் வற்றினால் சோர்வு வரும், நடை நிற்கும், சர்க்கரை தேடும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஹெச்பிஏ1சி, தைராய்டு பாருங்கள். கால்சியம் சிட்ரேட் வடிவில் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500, 600க்கு மேல் போகாமல். மலிவு மாத்திரைகள் பெரும்பாலும் கார்பனேட், அதற்கு வயிற்று அமிலம் வேண்டும், அது உங்களிடம் குறைவு. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் பிரியுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பாதி வீண்.

எடையை ஏற்றும் மருந்துகளும் உண்டு: தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதித் தரும் அமிட்ரிப்டிலின், பிரெகாபலின், மிர்டசபின், ஓலான்சபின், பிரெட்னிசோன், இன்சுலின், மூன்று மாதக் கருத்தடை ஊசி. எடை ஏறத் தொடங்கிய மாதத்துக்கு முன் புதிதாக என்ன தொடங்கினீர்கள் என்று பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். பைபாஸ் செய்தவர்கள் தலைவலிக்கு கிராண்ட்பா பொடியைப் பிரிப்பதை நிறுத்த வேண்டும். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. குடல் இணைப்பில் புண் வரலாம். ஐபுப்ரோஃபெனும் அப்படியே. பாராசிட்டமால் மட்டும் போதும்.

உடம்பை அசைப்பது

நடை வாரம் 150 நிமிடம் உடல்நலத்துக்கு. எடையை நிறுத்திவைக்க 250 நிமிடத்தை நெருங்க வேண்டியிருக்கும். டர்பனில் புளூ லகூனிலிருந்து யுஷாக்கா வரை கடற்கரை நடைபாதை இருக்கிறது, விடியலில் கூட்டமும் உண்டு. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் தனியே நடக்கத் தயங்குபவர்களுக்கு வணிக வளாகத்தின் உள்நடை போதும். நடையோடு வாரம் இருமுறை தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, மூன்று சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவது. இழந்த எடையில் தசையும் போயிருக்கும், அதைத் திரும்பக் கட்டாமல் பசியை மட்டும் அடக்கி எடையை நிறுத்துவது கடினம்.

எப்போது சர்ஜனிடம் போவது

இரண்டு வார வேலையை ஒழுங்காகச் செய்து, எட்டு வாரம் கழித்தும் எடை ஏறிக்கொண்டே போனால். நிறைவு என்ற உணர்வு திடீரென்று காணாமல் போனால். புதிதாக நெஞ்செரிச்சல் வந்தால். பைபாஸில் பிரித்துவிட்ட பழைய வயிற்றுக்கும் புதிய பைக்கும் இடையே துவாரம் விழலாம், இணைப்பு வாய் அகலலாம். பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்ரேயும் கேஸ்ட்ரோஸ்கோப்பியும் அதைக் காட்டும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றி வளையம் (பேண்ட்) போட்டவர்களுக்கு அது மிக இறுக்கமாக இருந்தால், அல்லது குறுக்கம் ஏற்பட்டால், இறைச்சி இறங்காமல் வாந்தி வரும். இறங்குவது ஐஸ்கிரீமும் பிஸ்கட்டும் மட்டும் என்றாகி எடை ஏறும். "ஒன்றுமே சாப்பிட முடியவில்லை, ஆனால் எடை கூடுகிறது" என்பவர் பொய் சொல்வதில்லை. ஓயாத வாந்தி, கருப்பு மலம், பைபாஸ் செய்தவருக்குத் திடீர்க் கடும் வயிற்றுவலி ஆகிய மூன்றுக்கும் அப்பாயின்ட்மென்ட் பார்க்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

செமக்ளூடைட், லிராக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் அறுவை செய்தவர்களுக்கும் வேலை செய்கின்றன. நிறுத்தினால் எடை திரும்பும். குமட்டலில் புரதமும் தண்ணீரும் குறைந்துவிடாமல் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் மலிவாக விற்கும் ஊசியை வாங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவில் பதிவான மருந்தை, மருந்தகத்தில், சீட்டோடு வாங்குங்கள். ஸ்லீவை பைபாஸாக மாற்றும் மறு அறுவை கடும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அதிகம் பொருந்தும். முதல் அறுவையை விட ஆபத்து கூடுதல், இறங்கும் எடை குறைவு. மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீடு) முன் அனுமதி வாங்காமல் தேதி குறிக்காதீர்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதல் அறுவையின் அறிக்கை நகல், கடைசி ஆறு மாத எடைக் குறிப்பு, அந்த மூன்று நாள் தாள், எல்லா மாத்திரைகளின் பெட்டிகள். அறுவை செய்த மருத்துவர் ஓய்வு பெற்றோ ஊர் மாறியோ போயிருந்தால் அறிக்கையைத் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். எடை ஏறாத இந்த மாதமே எழுதிக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.